எட்டு மணி நேரமும் நாலு பத்து பஸ்ஸும்

முப்பத்தொன்பது இரும்புப் பின்களை உரச்சாக்கில் போட்டுத் தோளில் சுமந்தபடி ஆவடி பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பின் என்றால் குண்டூசி இல்லை. ஒவ்வொன்றும் கட்டை விரலைவிடக் கனம், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளம், அரைக் கிலோ எடை. பாரம் தூக்கும் வண்டியின் கை மடங்குகிற இடத்தில் போவது. அன்று காலை அவற்றை ஒரு பெரிய தொழிற்சாலையின் கேட்டுக்குள் கொண்டுபோனேன். மதியம் இரண்டு மணிக்கு அதே சாக்கோடு வெளியே வந்தேன்.

ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. டிரைவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு சாக்கைப் பார்த்தார்.

"இன்னா கீது உள்ள?"

"இரும்பு."

"வண்டில ஏற்கெனவே ஏழு பேரு கீறாங்கோ மாமே. உன்ன வேணா மடில குந்த வெச்சிக்குவாங்க. இத்த யாரு வெச்சிக்குவா?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். வண்டி போய்விட்டது. நான் சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.

சாக்கில் இருந்த முப்பத்தொன்பதும் நல்ல பின்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் அதில் சந்தேகம் வரும்.

ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். அதற்குப் பிறகு திருப்பூரில் சாயத்தொட்டி, ஓசூரில் ரோஜாத் தோட்டம், கூடூரில் இறால் பண்ணை, நடுவில் இரண்டு வருடம் லாரி கிளீனர். எங்கேயும் இரண்டு வருடத்துக்கு மேல் கால் தரிக்காது. இருபத்திரண்டு வருட உழைப்பில் எந்த வருகைப் பதிவேட்டிலும் என் பெயர் ஏறியதில்லை, ஆஸ்பத்திரி அட்மிஷன் நோட்டைத் தவிர. அதுவும் லாரி மேலிருந்து விழுந்து வலது முட்டி உடைந்தபோது. அன்றிலிருந்து ஒரு ஆசை உண்டு. ஒரு கம்பெனியில் முறையாகப் பெயர் எழுதி இ.எஸ்.ஐ. அட்டை வாங்கிவிட்டால் அந்த முட்டியை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டலாம். அதற்கப்புறம் எந்த ஊருக்கும் நொண்டாமல் நடந்து போகலாம்.

மண்ணூர்பேட்டையில் ஐந்து எந்திரம் உள்ள ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தேன். முதலாளி அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தப் பெரிய தொழிற்சாலை, மாதிரிக்கு நாற்பது பின் கேட்டிருந்தது. மாதிரி தேறினால் வருடம் முழுக்க ஆர்டர்.

"இந்த லாட்டு மட்டும் பாஸாச்சுனு வெச்சிக்க, உன்ன ரோல்ல ஏத்திடறேன் நைனா," என்றார் முதலாளி. ரோல் என்றால் கம்பெனிப் பதிவேடு. லேத் எந்திரத்தின் மேல் கை வைத்துச் சத்தியமும் செய்தார். சாமி படத்தின் மேல் செய்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். லேத் மேல் பொய்ச் சத்தியம் செய்ய அவருக்குத் தைரியம் கிடையாது.

இந்தப் பின் மெதுவடை மாதிரி. வெளித்தோல் கெட்டியாக இருக்க வேண்டும், உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். தோல் கெட்டியாக இல்லாவிட்டால் தேய்ந்துவிடும். உள்ளும் கெட்டியாகிவிட்டால் படக்கென்று ஒடிந்துவிடும். அதற்காகப் பின்களை ஓர் இரும்புப் பெட்டியில் கரித்தூளுக்குள் புதைத்து, மூடியைக் களிமண்ணால் அடைத்து, உலையில் வைத்துச் செக்கச் சிவக்க எட்டு மணி நேரம் வேகவிட வேண்டும். கரியின் சத்து எட்டு மணி நேரத்தில்தான் வேண்டிய ஆழத்துக்கு இறங்கும். அப்புறம் சூட்டோடு எண்ணெயில் போட வேண்டும்.

மண்ணூர்பேட்டையில் இதற்கென்றே உலைக்கடைகள் உண்டு. ஆனால் அவர்கள் டன் கணக்கில் வேகவைப்பவர்கள். நாற்பது பின்னை எடுத்துக்கொண்டு போனால் கல்யாணச் சமையல்காரரிடம் ஒரு முட்டை அவிக்கச் சொன்னதுபோலப் பார்ப்பார்கள். தவிர, தொழிற்சாலை ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு பரிசோதனை ரிப்போர்ட் கேட்டது. இந்தச் சமயத்தில்தான் வேலப்பன்சாவடி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. அவர்களைப் பார்வையிட ஒரு குழு வரப்போகிறதாம். எத்தனை தொழிற்கூடங்களோடு உறவு இருக்கிறது என்று அந்தக் குழு எண்ணிப் பார்க்குமாம். எங்கள் பட்டறை அந்த எண்ணிக்கையில் ஒன்று. பதிலுக்குக் கல்லூரியின் உலையையும் மைக்ராஸ்கோப்பையும் நாங்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம். ரிப்போர்ட்டும் தருவார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று முதலாளிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவரும் கல்லூரி முதல்வரும் ஆளுக்கொரு ஃபைலைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பொன்னாடையை முதலாளி பட்டறைக்குக் கொண்டுவந்து கம்ப்ரசர் மேல் தூசி விழாமல் போர்த்தினார். அடுத்த வாரம் அறுபது மாணவர்கள் பட்டறையைப் பார்க்க வந்தார்கள். உள்ளே பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். மீதிப் பேர் தெருவில் நின்று எதிர்வீட்டு நாயைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தோம்.

பிறகு நாற்பது பின்களோடு நான் கல்லூரிக்குப் போனேன். உலை இருந்த லேப், ஒரு மேடத்தின் பொறுப்பில் இருந்தது. நாகர்கோவில் பக்கத்துக்காரர். திருவேற்காட்டில் பிளாட் வாங்கிக் குடியிருந்தார். அவருக்குக் கீழே லேப் அசிஸ்டென்ட் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் மனைவிக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை வேலை, குடியிருப்பதும் அந்தக் குவார்ட்டர்ஸில்.

உலை நல்ல உலை. வாங்கிய அன்று வைத்த சந்தனப் பொட்டுகூடக் காயவில்லை என்று சொல்லலாம். அவ்வளவு குறைவாகப் பயன்படுத்தியிருந்தார்கள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டேன்.

"அண்ணாத்தே, சூடு ஏற ஒரு மணி நேரம், அப்பறம் எட்டு மணி நேரம். ஒம்போதுக்குப் போட்டா ஆறு மணிக்கு எறக்கிடலாம்ல?"

லேப் அசிஸ்டென்ட் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"நாலு பத்துக்குப் பஸ்ஸு."

"பஸ்ஸு போனா போவட்டும் அண்ணாத்தே."

"இன்னா நைனா பேசற? பஸ்ஸு போனா நானும் போவணும்ல?"

அப்போதுதான் எனக்கு அந்தக் கல்லூரி புரிந்தது. எட்டரை மணிக்கு இருபது பஸ் உள்ளே வரும். விரல் வைத்து வருகை பதிந்து, ஆபீசில் சாவி வாங்கி, லேப் திறக்க ஒன்பது. நாலு மணிக்கு மின்சாரத்தை அணைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு, நாலு பத்துக்கு எல்லோரும் பஸ்ஸில் இருக்க வேண்டும். பேராசிரியர், மாணவர், லேப் அசிஸ்டென்ட் எல்லோரும். நாலு பத்துக்கு மேல் அங்கே செக்யூரிட்டியும் இரண்டு பூனைகளும்தான். அந்த வளாகத்தில் எந்த ஆராய்ச்சியும் ஏழு மணி நேரத்துக்கு மேல் நடந்ததில்லை. நடக்கவும் முடியாது. விஞ்ஞானத்தை ஆவடி ரூட் டிரைவர்தான் முடித்துவைக்கிறார்.

நான் மட்டும் தங்கிப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வெளியாள் லேபில் தனியாக இருக்கக் கூடாதாம். காலை ஏழு மணிக்கே வந்துவிடுகிறேன் என்றேன். சாவி ஒன்பதுக்குத்தானாம். முதலாளி ஒரு வேண்டுகோள் கடிதம் கொடுத்தார். அது துறைத்தலைவருக்குப் போய், டீனுக்குப் போய், போக்குவரத்துப் பொறுப்பாளருக்குப் போய், "பஸ் நேரத்தை மாற்ற இயலாது" என்று திரும்பி வந்தது. பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை.

மேடம் மட்டும் கவலைப்படவில்லை.

"சூடு ஏறுற நேரம் போக ஆறு மணி நேரமே வைப்போம் தம்பி. அதுல ஆழம் எவ்வளவு போகுதுன்னு பாப்போம். இதுவரை யாரும் இப்படிப் பாதியில நிறுத்திப் பாத்ததில்ல தெரியுமா?"

"யாரும் நிறுத்தமாட்டாங்க மேடம். நிறுத்துனா பின்னு கெட்டுரும்."

"கெட்டா என்ன? அதுவும் ஒரு ரிசல்ட்தானே?"

"மேடம், எங்களுக்கு ரிசல்ட் வேணாம். பின்னு வேணும்."

அவர் நல்ல மனசோடு சிரித்தார். ஆறு மணி நேரம் வைத்தோம். ஒரு பின்னை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தோல் பாதி ஆழம்கூட இறங்கவில்லை. நான் தலையில் கை வைத்தேன். மேடம் கை தட்டாத குறை. "நான் நினைச்ச மாதிரியே வந்திருக்கு," என்றார். ஒரே பின்னைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்படவும் இன்னொருவர் சாகவும் முடியும் என்று அன்றுதான் கண்டேன்.

முதலாளி மறுபடி நாற்பது பின் கடைந்தார். தொழிற்சாலை கொடுத்த கெடு அடுத்த திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழன் கல்லூரி ஆண்டு விழா. லேப் அசிஸ்டென்ட் தானாகவே ரகசியக் குரலில் சொன்னார்.

"அன்னிக்கு கிளாஸ் கெடயாது. லேபு லீவு. ஆனா சாவி என் கைல. விழா முடிஞ்சாதான் பஸ்ஸு."

"எப்ப முடியும்?"

"சின்னத்திரை நடிகர் ஒருத்தர் வர்றாரு. ஒன்றரைக்கு வந்து மூணரைக்கு முடியணும். பாப்போம்."

மேடம் வரவேற்புக் குழுவில் இருந்தார். பட்டுப்புடவையோடு வாசலில் பன்னீர் தெளிக்கப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் லேபை உள்பக்கம் சாத்திக்கொண்டு உலையைப் போட்டோம். பத்துக்குச் சூடு ஏறியது. ஆறு வரை வேண்டும்.

ஒன்றரைக்கு நடிகர் வரவில்லை. இரண்டரைக்கும் வரவில்லை. லேப் அசிஸ்டென்டின் போனில் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துகொண்டே இருந்தது.

"மதுரவாயல்ல கீறாராம்."

"அய்யோ, கிட்ட வந்துட்டாரா?"

"இரு, இரு. வானகரத்துல மேம்பால வேல. பாதி ரோட்ட அடச்சி வெச்சிகீறாங்கோ. அம்பது நிமிஷமா நிக்குதாம்."

திருவேற்காட்டு அம்மனை வேண்டிக்கொண்டேன். அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகக் கூடாது, வண்டி மட்டும் நகரக் கூடாது. அரங்கத்தில் ஆயிரம் பேர் கத்திக்கொண்டே காத்திருந்தார்கள். முதல்வர் மூன்றாவது முறையாக ஆண்டறிக்கையை வாசித்தார். ஒவ்வொரு வண்டியும் வானகரத்தில் நகராமல் நிற்க நிற்க, என் பின்களுக்குள் கரி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இ.எஸ்.ஐ. அட்டை கிடைக்க அந்த ரோட்டில் ஒரு லாரி குறுக்கே நின்றால்கூடப் போதும்.

நாலே முக்காலுக்கு வந்தார். நல்ல மனிதர். வந்ததும் பேசினார், பாடினார், மாணவர்கள் கேட்டுக்கொண்டதால் மறுபடி பாடினார். அவர் மூன்றாவது பாட்டைத் தொடங்கியபோது மணி ஆறு. பெட்டியை இழுத்து, மூடியை உடைத்து, இடுக்கியால் ஒவ்வொரு பின்னாக எண்ணெயில் போட்டேன். புகை ஜன்னல் வழியாகக் கிளம்பி அரங்கத்துப் பக்கம் போனது. மேடைக்கு ஏதோ ஏற்பாடு என்று நினைத்துப் பையன்கள் விசில் அடித்தார்கள். லேப் அசிஸ்டென்ட் உலையை அணைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

மறுநாள் மேடம் ஒரு பின்னை அறுத்துப் பார்த்தார். ஆழம் அப்படியே வரைபடத்தில் கேட்டபடி. மீதி முப்பத்தொன்பது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு தம்பி. யார் செஞ்சது?"

"நேத்து இங்கதான் மேடம். எட்டு மணி நேரம். ரிப்போர்ட் குடுத்தீங்கன்னா..."

அவர் லாக் புக்கைத் திறந்தார். வியாழக்கிழமைக்கு நேரே "விடுமுறை" என்று அவரே எழுதியிருந்தார்.

"நேத்து லேப் மூடியிருந்துச்சே. நான் பாக்காத சூட்டுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?"

"பின்னு சாட்சி இருக்கு மேடம்."

"பின்னு சாட்சி சொல்லும். சீல் போடாதே?" என்றார். அவர் பொய் சொல்லாதவர். அதில் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் யார் மேல் படுவது என்றும் தெரியவில்லை. "முந்தின லாட்டுக்கு வேணா ரிப்போர்ட் ரெடியா இருக்கு. எல்லாம் முறையா பதிவாயிருக்கு," என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார். வழுவழுப்பான தாள், கலர் கலராக வரைபடம், கடைசிப் பக்கத்தில் வட்ட சீல், கையெழுத்து. எங்கள் ஊர் பத்திரப் பதிவில்கூட அவ்வளவு அழகான சீல் பார்த்ததில்லை.

அதை முதலாளியிடம் கொடுத்து, இது பழைய லாட்டுக்கானது என்று சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். அவர் தாளைத் தடவிப் பார்த்தார்.

"சீல் கீதா?"

"கீது மொதலாளி."

"டிராயிங்கு அதேதான?"

"அதேதான்."

"மெஷினு அதேதான? காலேஜி அதேதான? அப்பறம் இன்னா நைனா? இட்லி நேத்து சுட்டதா இன்னிக்கி சுட்டதானு மாவு கேக்குமா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆங்கிலத்தில் பத்துப் பக்கம். அவர் படிக்கவில்லை. நான் முதல் பக்கத்தில் கம்பெனி பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றேன்.

திங்கட்கிழமை காலை தொழிற்சாலையில் பொருள் சரிபார்க்கும் இன்ஜினியரின் மேஜையில் சாக்கை அவிழ்த்தேன். இளைஞர்தான். ஒரு பின்னை எடுத்து அரத்தால் உரசினார். தோல் அவ்வளவு கெட்டி, அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்தது. அதற்கடுத்தது. "சூப்பரா இருக்கே," என்றார். என்னை அறியாமல் முட்டியைத் தடவிக்கொண்டேன். பிறகு அவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். ஆறாம் பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, இத நீங்க படிச்சீங்களா?"

"சீல் இருக்கு சார்."

"சீல் இருக்கு. 'தோல் ஆழம் போதவில்லை, இந்தப் பின் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல'ன்னும் இருக்கு. தடிமனான எழுத்துல."

"அது வேற பின்னு சார். கெட்டுப்போன பின்னு. இது நல்லது."

"அப்ப நல்ல பின்னுக்கு ரிப்போர்ட் எங்க?"

"அன்னிக்கு லேபு லீவு சார்."

"லீவு நாள்ல எப்படிச் செஞ்சீங்க?"

"நடிகர் லேட்டா வந்தாரு சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்னொரு தடவை அரத்தை எடுத்து உரசிப் பார்த்தார். பாவம், அவருக்கும் மனசில்லை. "அரம் போட்டதெல்லாம் எனக்காக. ஃபைல்ல காகிதம்தான் போகும். இந்தக் காகிதத்த வெச்சு இத உள்ள எடுத்தேன்னா என் வேல போயிடும்," என்றார். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். சாக்கைக் கட்ட உதவியும் செய்தார்.

கெட்ட சரக்குக்கு நல்ல சான்றிதழ் கொடுத்து விற்கிறவர்களை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். நல்ல சரக்குக்கு, அது கெட்டது என்று சீல் போட்ட காகிதத்தைத் தாங்களே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவர்கள் எங்களைத் தவிர யாரும் இருக்க முடியாது.

ஆவடியில் பஸ் பிடித்து மண்ணூர்பேட்டை போய்ச் சேர மூன்றரை ஆனது. முதலாளி சாக்கைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. மேடம்தான். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஒரு நல்ல செய்தி! நம்ம ஆறு மணி நேர ஆய்வ கோயம்புத்தூர் மாநாட்டுல எடுத்துக்கிட்டாங்க. உங்க கம்பெனிக்கு நன்றி சொல்லி உங்க பேரும் போட்டிருக்கோம்."

"எம்பேரா? இங்கிலீஷ்லயா?" என்றார் முதலாளி. முகம் ஒரு நொடி மலர்ந்தது. உடனே சாக்கு கண்ணில் பட்டு வாடியது. "ரொம்ப சந்தோஷம் மேடம்," என்று வைத்துவிட்டார்.

பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ரோலு விஷயம்... அடுத்த ஆர்டரு வரட்டும் நைனா. லேத்து மேல கை வெச்சிக்கீறேன், மறக்க மாட்டேன்."

"லாட்டு பாஸானாதான்னு சொன்னீங்க மொதலாளி. பாஸாவல. சத்தியம் தப்பல," என்றேன். அவருக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது போல. டீ சொன்னார். குடித்தேன். சாக்கை மூலையில் வைத்துவிட்டு என் பையை எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. நானும் அவர் தடுப்பாரா என்று நின்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு, இரண்டு தெரு தள்ளி இருந்த உலைக்கடை ஒன்றில் போய் நின்றேன். டன் கணக்கில் வேகவைக்கிறவர்கள். மேஸ்திரி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டார்.

"இன்னா படிச்சிகீற?"

"ஒம்போது. பாதி."

"உலை தெரியுமா?"

"எட்டு மணி நேரம் எழுந்திருக்காம உக்காருவேன்."

"அத்தான் வேணும். போன ஆளு டீ குடிக்கப் போயி மூணு டன்னு போச்சு. ஆனா ரோலு கீலுன்னு கேக்கக் கூடாது, சொல்ட்டேன்."

நான் கேட்கவில்லை. முட்டியை நீட்டி வைத்துக்கொள்ள ஒரு ஸ்டூல் கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன். கிடைத்தது. ஏழு மணிக்கு உலையைப் பற்றவைத்தார்கள்.